ஆசியா என்பது சோயா சாஸ் பாட்டில் அல்ல

"ஏசியன் ஸ்டைல் ஹெல்தி மீட்பால்ஸ், வித் சூப்பர் சீட்ஸ்!" இப்படி ஒரு தலைப்பைத் தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு பார்க்கிற மனுஷனுக்குச் சிரிப்பு வருமா வராதா? தூத்துக்குடி எந்தக் கண்டத்தில் இருக்கிறது மக்கா? அண்டார்டிகாவிலா?

வீடியோவில் வருகிற பண்டம் இதுதான். கொத்துக்கறி அரைக் கிலோ. அதில் ரெண்டு ஸ்பூன் சோயா சாஸ், ஒரு ஸ்பூன் ஆய்ஸ்டர் சாஸ், இஞ்சி, பூண்டு, ரொட்டித்தூள், ஒரு முட்டை. கடைசியில் ஒரு ஸ்பூன் சியா விதையைக் கோலப்பொடி தூவுகிற மாதிரி தூவிவிட்டு, "இப்போ இது ஹெல்தி ஆயிடுச்சு" என்று ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். இதைப் பார்த்துவிட்டு பிரையண்ட் நகரிலும் மில்லர்புரத்திலும் பிள்ளைகள் சூப்பர் மார்க்கெட்டுக்கு ஓடுகிறார்கள். அதே வீட்டு அடுப்படியில் அம்மா ஞாயிற்றுக்கிழமை கோலா உருண்டை பொரித்தால் மட்டும், "ஏம்மா இவ்ளோ ஆயில்? அன்ஹெல்தி" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

கோபம் சியா விதையின் மேல் இல்லை. அது பாவம், மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துச் செடி. இப்போது மைசூர்ப் பக்கமும் விளைகிறது, நன்றாக விளையட்டும். சோயா சாஸ் மேலும் கோபம் இல்லை. கோபமெல்லாம் அந்த அம்மாவுக்குப் பாடம் எடுக்கிற தைரியத்தின் மேல்தான். ஏனென்றால் அந்த வீடியோ எதைச் செய்யப் பார்த்துத் தோற்கிறதோ, அதைக் கோலா உருண்டை எப்போதோ செய்து முடித்துவிட்டது. விதையும் மசாலாவும் கறியும் சேர்ந்த உருண்டை. அதிலும் விதை அங்கே அலங்காரத்துக்கு இல்லை, வேலை செய்கிறது.

முதலில் இந்த "ஏசியன்" சமாச்சாரத்தை முடித்துவிடுவோம்.

கறியைக் கொத்தி, மசாலா சேர்த்து, உருட்டிப் பொரிக்கிற பழக்கம் எந்த ஒரு நாட்டுக்காரனின் தாத்தா சொத்தும் கிடையாது. கோஃப்தா என்ற பெயருக்கு மூலம் பாரசீகத்தில் இடிப்பது, அரைப்பது என்கிற சொல். சுவீடன்காரர்கள் தங்கள் மீட்பால்ஸைத் தேசியச் சொத்து மாதிரி கொண்டாடுவார்கள். 2018 ஏப்ரலில் அந்த நாட்டின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கே, "எங்கள் மீட்பால்ஸ் பன்னிரண்டாம் சார்லஸ் மன்னர் துருக்கியிலிருந்து கொண்டுவந்த பக்குவம்" என்று போட்டுவிட, அங்கே பாதிப் பேருக்கு மனசு உடைந்துபோனது. (அது உண்மையா இல்லையா என்று அப்புறம் ஒரு சண்டை, அது வேறு கதை.) இந்தப் பக்கம் வந்தால் கொழும்பில் லம்ப்ரைஸ் என்று வாழையிலையில் பொதிந்த ஒரு சோறு உண்டு. அதற்குள் சின்னதாக ஒரு கறி உருண்டை இருக்கும், பெயர் ஃப்ரிக்கடெல். டச்சுக்காரர்கள் விட்டுப்போன பெயர். அதே டச்சுக்காரர்கள்தான் 1658-ல் போர்த்துக்கீசியர்களிடமிருந்து தூத்துக்குடியையும் பிடித்தார்கள். ஊர் கடைசியாக ஆங்கிலேயர் கைக்குப் போனது 1825-ல். ஆக, முத்துக்குளித்துறை என்று பெயர் வாங்கிய இந்தக் கரைக்கு உருண்டை ஒன்றும் புதுசில்லை.

கோலா உருண்டை என்றதும் எல்லாரும் மதுரை மெஸ்களையும் செட்டிநாட்டையும்தான் சொல்வார்கள், நியாயம்தான். கடற்கரையில் போய் வெறுமனே "கோலா" என்று கேட்டால் பறவைக்கோலா மீனைத்தான் காட்டுவார்கள், அல்லது பெட்டிக்கடையில் ஒரு கறுப்பு பாட்டிலைத் திறந்து கையில் கொடுப்பார்கள். இங்கே பேசுவது மூன்றாவது கோலா.

சரி, "ஏசியன் சீசனிங்" என்று எதைச் சொல்கிறார்கள்? பட்டியலில் முதலில் வருவது எள்ளெண்ணெய். "செசமி ஆயில் ஊற்றினால் அந்த ஏசியன் ஃப்ளேவர் வரும்" என்று ஒரு அம்மணி சொல்கிறார். அடக் கடவுளே. எள்ளைப் பயிராக்கிப் பழக்கியதே இந்தியத் துணைக்கண்டம் என்பதுதான் தாவர ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிற விஷயம். தமிழில் எண்ணெய் என்கிற சொல்லே எள் கூட்டல் நெய். கடலையிலிருந்து பிழிந்தாலும் தேங்காயிலிருந்து பிழிந்தாலும், ஏன், மண்ணுக்கடியிலிருந்து எடுத்தாலும் அதற்கு எள்ளின் பெயரையே வைத்திருக்கிற மொழி இது. விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் எள் விதைக்கிற சம்சாரி இன்றைக்கும் இருக்கிறார். செக்கில் எள்ளோடு கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிற பழக்கமும் இருக்கிறது. கருப்பட்டிக்கு உடன்குடி, எள்ளுக்குக் கரிசல், ரெண்டும் ஒரே மாவட்டம். இவ்வளவையும் வைத்துக்கொண்டு கையகல பாட்டிலில் இறக்குமதி செசமி ஆயில் வாங்கி, அதிலிருந்து நாலு சொட்டு விட்டால் ஆசியா வந்துவிடுமாம்.

(சீனர்கள் பயன்படுத்துவது வறுத்த எள்ளில் பிழிந்தது, வாசனை வேறு, ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வாசனைதான் வேண்டுமென்றால் எள்ளை வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்துப் போட்டால் போதும். அதைக் கீழே பார்ப்போம்.)

அடுத்தது சோயா சாஸ். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்க 2000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. ரெண்டு கரண்டி ஊற்றி, அது போதாதென்று உப்பும் போடுகிறார்கள். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, அதில் பெரும்பங்கு தூத்துக்குடி உப்பளங்களுக்கு. அந்த ஊர்க்காரன் உப்பைக் கறுப்புத் தண்ணீராக, பாட்டிலில், ஜி.எஸ்.டி.யோடு வாங்குகிறான். பி.காம் படித்தவர்களுக்காவது இது உறுத்த வேண்டாமா? தவிர, சாஸ் ஊற்றினால் கறி இளகும். இளகியதை இறுக்க ரொட்டித்தூள், ரொட்டித்தூள் பத்தாமல் கார்ன்ஃப்ளவர், அதுவும் பத்தாமல் இன்னொரு முட்டை... கடன் அடைக்கக் கடன் வாங்குகிற கதை.

ஆய்ஸ்டர் சாஸைப் பற்றி என்ன சொல்ல! 1888-ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் பிறந்தது அது. அங்கே அது அருமையான பொருள். இங்கே கிடைக்கிற மலிவு பாட்டிலின் லேபிளைத் திருப்பிப் படித்தால் தண்ணீர், சர்க்கரை, உப்பு, மாவுப்பொருள், கடைசியில் கொஞ்சம் சிப்பிச் சாறு. கொற்கைக் காலத்திலிருந்து சிப்பி அள்ளிய கரை இது. 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. முத்துச் சிப்பியும் தின்கிற சிப்பியும் வேறு வேறுதான், தெரியும். இருந்தாலும் சிப்பியின் பெயரில் சர்க்கரைப் பாகு வாங்குவதற்கு ஒரு ஊர் என்று பார்த்தால், தூத்துக்குடி அந்த ஊராக இருக்கக் கூடாது!

அந்த பாட்டில் தருகிற நாக்கைச் சப்புக்கொட்ட வைக்கிற ருசிக்கு ஜப்பான்காரர்கள் உமாமி என்று பேர் வைத்தார்கள். 1908-ல் இகேடா என்ற விஞ்ஞானி கடற்பாசியிலிருந்து அதைப் பிரித்தார். 1913-ல் அவருடைய மாணவர் கொடாமா, கட்சுவோபுஷி என்கிற காய்ந்த மீனில் அதே ருசிக்கு இன்னொரு காரணத்தைக் கண்டுபிடித்தார். அந்தக் கட்சுவோபுஷி வேறொன்றுமில்லை, சூரை மீன் வகையை வேகவைத்துப் புகையூட்டிக் கல் மாதிரி காய வைத்தது. மாலத்தீவிலும் இலங்கையிலும் அதன் சொந்தத் தம்பி இருக்கிறான். தூத்துக்குடித் தோணிக்காரர்களுக்கு அவனை நன்றாகத் தெரியும். பெயர் மாசி! மாசியை இடித்துச் சம்பல் செய்கிற வீட்டில் போய் உமாமி வகுப்பு எடுக்கிறார்கள்.

இப்போது விதைக்கு வருவோம். இங்கேதான் கணக்கு வருகிறது, காமர்ஸ் மூளையைக் கொஞ்சம் முடுக்கிக்கொள்ளவும்.

100 கிராம் சியாவில் கால்சியம் சுமார் 630 மில்லிகிராம். தோலோடு இருக்கிற எள்ளில் சுமார் 975. கசகசாவில் 1400-க்கு மேல். இரும்பு என்று பார்த்தால் சியாவில் 7 முதல் 8, எள்ளில் 14 மில்லிகிராம் அளவு. சியாவுக்கு ஒரே ஒரு பெரிய பெருமை ஒமேகா-3 கொழுப்பு. அது எள்ளில் இல்லை, மறைக்க வேண்டாம். ஆனால் அதே ஒமேகா-3 ஆளி விதையில் சியாவைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். கறுப்பு வெள்ளைப் புள்ளியோ, பளபளப்புப் பாக்கெட்டோ கிடையாது.

ஆனால் இந்த ஒப்பீடே ஓரளவுக்கு ஏமாற்றுதான். ஏன் தெரியுமா? வீடியோக்காரர்கள் போடுவது ஒரு மேசைக்கரண்டி, அதாவது 12 கிராம். அரைக் கிலோ கறியில் 32 உருண்டை வரும். 12 கிராம் சியாவில் இருப்பது 76 மில்லிகிராம் கால்சியம். 32-ஆல் வகுத்தால் உருண்டைக்கு ரெண்டரை மில்லிகூட இல்லை. இதற்குப் பெயர் சூப்பர் ஃபுட்! கணக்குப் பாடத்தில் இப்படி ஒரு ரூபாய் வருமானத்தைக் காட்டி பாலன்ஸ் ஷீட்டை ஜோடித்தால் ஆடிட்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போவார். அதுவும் அந்த விதை முழுசாக, அரைக்காமல். பல்லில் கடிபடாத விதை உள்ளே போன மாதிரியே வெளியே வருவதற்கும் நிறைய வாய்ப்பு உண்டு.

கோலா உருண்டை அந்த வேலையைச் செய்வதில்லை. அதில் விதை அரைபட்டு, உருண்டையின் எலும்பாக நிற்கிறது. பொட்டுக்கடலைப் பொடி கறியில் இருந்து கசிகிற நீரைக் குடித்து இறுக்குகிறது. கசகசாவோ எள்ளோ அரைபடும்போது விடுகிற எண்ணெய், கொழுப்பில்லாத கறியைக்கூட உள்ளே மெத்தென்று வைக்கிறது. சோம்பு, அதுவும் விதைதான், மணத்தைத் தருகிறது. கொத்தமல்லி விதை, மிளகு, சீரகம், எல்லாம் அந்த அணிதான். இதில் எதையாவது எடுத்துவிட்டுப் பாருங்கள், உருண்டை எண்ணெயில் பிரிந்து போகும், இல்லையென்றால் ரப்பர் பந்து ஆகும். சியாவை எடுத்துவிட்டால் அந்த மீட்பால்ஸுக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. யாருக்கும் தெரியவே தெரியாது.

விதைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் வீடியோ போட மாட்டார்கள். கறியை ஊருக்கெல்லாம் பங்கு வைக்கிற வேலை.

ஒரு வீட்டில் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். அரைக் கிலோ ஆட்டுக்கறி எலும்போடு வாங்கிக் குழம்பு வைத்தால் என்ன ஆகும்? எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். முதல் பந்தியில் அப்பா, மாமா, மூத்த பையன். நல்ல துண்டுகள் அங்கேயே முடிந்தது. ரெண்டாவது பந்தியில் பிள்ளைகள். கடைசியாகச் சட்டியை வழித்துக்கொண்டு சமைத்தவர் உட்காரும்போது இருப்பது ரெண்டு எலும்பும், உருளைக்கிழங்கும், மேலே மிதக்கிற எண்ணெயும். "எனக்குக் கறி அவ்வளவா பிடிக்காது" என்று ஒரு பொய் வேறு. எத்தனை வீட்டில் எத்தனை வருஷமாகச் சொல்லப்படுகிற பொய் அது!

இது வெறும் சென்டிமென்ட் இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் (ஐந்தாவது சுற்று) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். கல்லூரி வகுப்பில் மாணவிகள் பக்கம் திரும்பி ஒன்று விட்டு ஒன்று எண்ணிப் பார்த்தால் கணக்குப் புரியும். ரத்தசோகைக்குச் சாப்பாடு மட்டும் காரணமில்லை, ஆனால் சாப்பாடும் ஒரு காரணம். கறியில் இருக்கிற இரும்பு உடம்பில் லேசாகச் சேரும். அதைவிட முக்கியம், கறியோடு சேர்த்துச் சாப்பிட்டால் எள்ளிலும் கடலையிலும் இருக்கிற தாவர இரும்பும் கூடுதலாகச் சேரும். ஆக, கறியும் விதையும் ஒரே உருண்டைக்குள் இருப்பது நல்ல கூட்டு. (சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சேர்மானம் குறையும். ஒரு மணி நேரம் பொறுத்தால் டீ ஒன்றும் ஓடிப்போகாது.)

அதே அரைக் கிலோ, எலும்பில்லாமல் கொத்தி வாங்கி, விதையும் கடலையும் தேங்காயும் வெங்காயமும் சேர்ந்தால் 32 உருண்டை. தலைக்கு நாலு. குழம்பில் கறித்துண்டை யாரும் எண்ண மாட்டார்கள், எண்ணினால் அசிங்கம். உருண்டையை எண்ணலாம். எண்ணித்தான் பொரிக்கிறார்கள். எண்ணக்கூடிய பண்டத்தில் களவு செய்வது கஷ்டம். இன்வென்ட்ரி கண்ட்ரோல் என்று மூன்றாவது செமஸ்டரில் படிப்பதை இந்த அடுப்படிகள் முன்னாலேயே கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. கண்டுபிடித்தவர்கள் தங்கள் பங்கை எடுத்து வைத்துக்கொள்ள மட்டும் மறந்துவிட்டார்கள். பொரித்து எடுத்ததும் முதல் வேலையாக எட்டுத் தட்டில் நாலு நாலாக வைத்துவிட வேண்டும், சமைத்தவர் தட்டையும் சேர்த்து. "நாங்க எல்லாம் சாப்பிட்டப்புறம் பாத்துக்கலாம்" என்கிற ஆண்பிள்ளையிடம் காலித் தட்டைக் கொடுத்துக் கழுவச் சொல்லலாம்.

இந்தப் பக்கத்துத் தப்புகளையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

ஹோட்டல் கோலா உருண்டை இன்றைக்கு இருக்கிற லட்சணத்தைப் பார்த்துவிட்டு எந்தப் பிள்ளையாவது சியா பக்கம் ஓடினால், முழுப் பழியையும் பிள்ளை மேல் போட முடியாது. பாதி உருளைக்கிழங்கு, கால்வாசி மைதா, மீதியில் கறி வாசனை. வெட்டினால் உள்ளே ரோஸ் கலர். ரத்தச் சிவப்பில் ஒரு பொடி. கர்நாடகத்தில் 2024 ஜூனில் கபாப் வகைகளில் செயற்கை நிறம் சேர்க்கவே தடை போட்டார்கள், பரிசோதனையில் சிக்கியதால். எண்ணெய் விஷயம் அதைவிட மோசம். பொரித்த எண்ணெயில் கெட்டுப்போன சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. சாயங்காலக் கடைச் சட்டியில் நுரைத்துக்கொண்டு கிடக்கிற கறுப்பு எண்ணெய்க்கு அந்த விதியை யாராவது வாசித்துக் காட்டினால் நல்லது. வீட்டில் பொரிப்பதை "ஆயில்" என்று திட்டிவிட்டு இங்கே வந்து பிளேட் பிளேட்டாக வெட்டுகிற கூட்டம் தனி ரகம்.

இன்னொரு கோஷ்டி, "கசகசா இல்லாமல் கோலாவா?" என்று மீசையை முறுக்குகிறவர்கள். கசகசா ருசிதான். ஆனால் அது அபினிச் செடியின் விதை. இந்தியாவில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் என்று மூன்று மாநிலத்தில் உரிமம் வாங்கியவர்கள் மட்டும்தான் பயிர் செய்ய முடியும். மிச்சம் துருக்கி மாதிரி இடங்களிலிருந்து வருகிறது. விலையும் அதற்கேற்றபடி இருக்கும். எள் அந்த இடத்தில் உட்கார்ந்தால் உருண்டைக்கு ஒரு குறையும் வராது. மெத்தென்ற பதம் வரும், வறுத்த மணம் கூடுதலாக வரும். பாட்டி செய்த மாதிரி இல்லையே என்றால், பாட்டி மிக்ஸியிலும் அரைக்கவில்லை.

சரி, செய்முறை. இதை மட்டும் பொறுமையாகப் படிக்கவும், மேலே இருக்கிற சண்டை எல்லாம் இதற்காகத்தான்.

கறிக்கடையில் ஏற்கெனவே கொத்தி வைத்திருக்கிற குவியலைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். என்னென்ன சேர்ந்தது என்று கொத்தினவருக்குத்தான் தெரியும். தொடைக்கறியைக் கண்முன்னே எலும்பு நீக்கி, கொஞ்சம் கொழுப்போடு கொத்தச் சொல்லி அரைக் கிலோ வாங்கவும். வீட்டுக்கு வந்து கழுவினால் வடிகட்டியில் போட்டு நன்றாகத் தண்ணீரை வடிய விட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கடைசியில் எண்ணெயில் தெரியும்.

கறியை மஞ்சள்தூள், உப்பு சேர்த்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் சட்டியில் வதக்கவும். அதுவே தண்ணீர் விடும், அதிலேயே வேகும். ஈரம் சுத்தமாக வற்றி, சட்டியில் சரசரவென்று சத்தம் கேட்கும்போது இறக்கி ஆற வைக்கவும். பச்சைக் கறியாகவே அரைத்து உருட்டுகிற வீடுகளும் உண்டு. புதிதாகச் செய்கிறவர்களுக்கு வேகவைத்ததுதான் பத்திரம், உள்ளே வெந்ததா என்ற பயம் இல்லை.

எள் 40 கிராம். தோல் நீக்கிய பளீர் வெள்ளை எள் வேண்டாம், கால்சியத்தில் பெரும்பகுதி தோலோடு போய்விடுகிறது. கறுப்போ பழுப்போ, கல் மண் இல்லாமல் அரித்துக் காய வைத்தது. வெறும் சட்டியில் சின்னத் தீயில் வறுக்கவும். ரெண்டு மூன்று படபடவென்று பொரியும்போதே இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிஷம் கூடினால் கசந்துவிடும், உருண்டை மொத்தமும் கசக்கும். எள்ளைத் தனியாக மிக்ஸியில் போட்டால் எண்ணெய் விட்டு அடியில் சந்தனமாக அப்பிக்கொள்ளும். அதனால் 60 கிராம் பொட்டுக்கடலையோடு சேர்த்தே, விட்டு விட்டு ஓட்டிப் பொடிக்கவும். கடலை அந்த எண்ணெயை வாங்கிக்கொள்ளும், மாவு உதிரியாக வரும். ஆளி விதை வேண்டுமானால் ஒரு ஸ்பூன் இதிலேயே சேர்க்கலாம், அதற்கு மேல் போனால் கொழகொழப்பு வரும்.

ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் சோம்பு ஒரு ஸ்பூன், சின்னத் துண்டு பட்டை, ரெண்டு கிராம்பு, ஆறு மிளகாய் வற்றல், பத்து சின்ன வெங்காயம், இஞ்சி, ஆறேழு பல் பூண்டு, கறிவேப்பிலை எல்லாம் வதக்கி, கடைசியாக ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல் போட்டுச் சிவக்க விட்டு ஆற வைக்கவும். இதையும் தண்ணீர் விடாமல் அரைத்து, அதே ஜாரில் கறியைப் போட்டு ரெண்டு சுற்று மட்டும். கறி பசையாகக் கூடாது, நார் தெரிய வேண்டும். அம்மி இருக்கிற வீட்டில் அம்மியில் வைத்து நசுக்கி எடுத்தால் அதன் பதமே தனி, ஆனால் அந்த வேலையை யார் செய்யப் போகிறார்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளவும். அம்மாதான் என்றால் மிக்ஸியே போதும்.

கறி, மசாலா, எள் கடலைப் பொடி, பொடியாக நறுக்கிய மல்லித்தழை எல்லாவற்றையும் பிசைந்து, பெரிய நெல்லிக்காய் அளவுக்கு உருட்டவும். முதலில் ஒன்றே ஒன்றை எண்ணெயில் விட்டுப் பார்க்கவும். பிரிந்தால் இன்னும் ரெண்டு ஸ்பூன் பொட்டுக்கடலைப் பொடி. வெடித்தால் உருட்டியதில் விரிசல் இருக்கிறது, உள்ளங்கையில் எண்ணெய் தொட்டு அழுத்தி உருட்டவும். சில வீடுகளில் வாழைநாரால் சுற்றிக் கட்டிப் பொரிப்பார்கள், பார்க்க அழகு. மிதமான தீயில், போட்டவுடன் கிளறாமல், மேல்தோல் இறுகிய பிறகு திருப்பவும்.

"ஆயில்" என்று அழுகிறவர்களுக்கு: பணியாரச் சட்டி எதற்கு இருக்கிறது? குழிக்கு அரை ஸ்பூன் நல்லெண்ணெய், ஒரு உருண்டை, மூடி வைத்துத் திருப்பித் திருப்பிச் சுட்டால் முடிந்தது. கறி ஏற்கெனவே வெந்ததுதானே. ஏர் ஃப்ரையருக்கு ஆயிரக்கணக்கில் தவணை கட்ட வேண்டியதில்லை.

இப்போது கணக்கு. 40 கிராம் எள்ளில் 390 மில்லிகிராம் கால்சியம், 6 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைவாக இரும்பு. நாலு உருண்டை சாப்பிட்டவருக்கு எள்ளில் இருந்து மட்டும் 49 மில்லிகிராம் கால்சியம், முக்கால் மில்லிகிராம் இரும்பு. அவ்வளவும் உடம்பில் சேர்ந்துவிடாது, எள்ளுக்கும் அதற்குரிய தடைகள் உண்டு. கறியும் கடலையும் தருவது தனிக் கணக்கு. மருந்து என்று யாரும் இதைச் சொல்ல வேண்டாம், ரத்தசோகைக்கு டாக்டர் மாத்திரை கொடுத்தால் மாத்திரையை விழுங்கத்தான் வேண்டும். இது சாப்பாடு. அந்த வீடியோவின் நாலு உருண்டையில் சியா தந்தது பத்து மில்லிகிராம் கால்சியத்தைக்கூடத் தொடவில்லை என்பதை மட்டும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளவும்.

ஆட்டுக்கறி விலை கட்டுப்படியாகாத வாரத்தில் மீன். சூரையோ சுறாவோ வேகவைத்து, தோலும் முள்ளும் எடுத்து உதிர்த்து, துணியில் போட்டுத் தண்ணீரைப் பிழிந்துவிட்டு, அதே மசாலா, அதே எள் கடலைப் பொடி. பட்டை கிராம்பைப் பாதியாகக் குறைத்து மிளகைக் கூட்டவும். மீனுக்கு இங்கே ஒரு ஸ்பூன் மாசித் தூள் போட்டால், உப்பைப் பாதியாகக் குறைக்கலாம். சோயா சாஸ் பாட்டிலைத் தேடுகிற கை தானாக நின்றுவிடும்.

கடைசியாக, கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் போகிற பையன்களுக்கு. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. பெட்டியில் அம்மா கட்டிக் கொடுக்கிற மசாலாப் பொடியில் ஒரு ஸ்பூன் கசகசா கலந்திருந்தாலும் ஏர்போர்ட்டில் பதில் சொல்ல வேண்டியது பெட்டிக்காரன்தான். பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு டப்பாவையும் திறந்து, எதில் என்ன வறுத்துப் போட்டிருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளவும். கோலா உருண்டைப் பொடி என்றால் எள் போட்டு அரைத்ததை வாங்கிப்போகலாம்.